நிலச்சரிவில் ‘திடீர்’ என்று ஒன்று உண்டா? மண்ணை அளந்து பார்த்த கார்ல் டெர்சாகியின் கதை

நிலச்சரிவுச் செய்தி டெஸ்க்குக்கு வந்ததும் எங்கள் கை தானாக டைப் செய்யும் முதல் சொல் ‘திடீர்’. திடீர் நிலச்சரிவு, திடீரென மண் சரிந்து, நள்ளிரவில் திடீரென... தலைப்புக்கு அது வசதியான சொல். ஆனால், இந்தச் சொல்லை 1950-லேயே ஒருவர் ஏற்க மறுத்துவிட்டார். நிலநடுக்கம் உலுக்கிவிட்ட சரிவு மாதிரி சில விதிவிலக்குகளைத் தவிர, எந்த மலையும் சொல்லாமல் கொள்ளாமல் சரிவதில்லை என்பது அவர் வாதம். மலை முன்கூட்டியே அசையத் தொடங்கியிருக்கும். அதைப் பார்க்கவேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் பெயர் கார்ல் டெர்சாகி. சிவில் இன்ஜினீயரிங் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் இந்தப் பெயரைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வரியில்: இன்று மலைகளில் சென்சார் பதித்து, சரிவு வரப்போகிறதா என்று நொடிக்கு நொடி கண்காணிக்கிறார்களே, அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்.

அவர் இறந்தது 1963 அக்டோபர் 25. அதற்கு 16 நாள் முன்பு, அக்டோபர் 9 இரவு, இத்தாலியில் வயோன்ட் என்ற அணையின் நீர்த்தேக்கத்துக்குள் ஒரு மலைச்சரிவே இறங்கியது. சுமார் 2,000 பேர் செத்துப்போனார்கள். அந்த அணைத் திட்டத்தில் டெர்சாகிக்குப் பங்கில்லை. ஆனால், அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை இதைவிடக் கொடூரமாக எந்தச் சம்பவமும் நிரூபிக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

ராணுவப் பள்ளியில் ஒரு பையன்

1883 அக்டோபர் 2 அன்று பிராக் நகரத்தில் பிறந்தார் டெர்சாகி. அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதி. அப்பா ராணுவ அதிகாரி. அதனால் பையனும் 10 வயதிலேயே ராணுவ உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அங்கே அவனுக்குப் பிடித்தது துப்பாக்கி அல்ல; புவியியலும் வானியலும்.

1900-இல் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். மாணவராக அவர் ஒழுங்கானவர் என்று சொல்ல முடியாது. குடி, வாள்சண்டை, ரகளை என்று கல்லூரியிலிருந்து வெளியேற்றப்படும் நிலைக்கே போய்த் தப்பியவர். 1904-இல் பட்டம். அடுத்து கட்டாய ராணுவப் பணி. அந்த ஓராண்டில் மனுஷன் செய்த வேலைதான் சுவாரசியம்: ஆங்கிலத்தில் இருந்த ஒரு நிலவியல் கையேட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இயந்திரம் படித்தவருக்குப் பாறையும் மண்ணும் பிடித்துப்போயின. பிறகு கட்டுமான நிறுவன வேலை, குரோஷியாவில் நீர்மின் திட்டம், ரஷ்யாவில் அஸ்திவாரச் சிக்கல் என்று ஓடினார். 1912-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

ஓடிய இடமெல்லாம் அவரை ஒரே விஷயம் உறுத்தியது. இரும்புப் பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று இன்ஜினீயர்களால் கணக்குப் போட்டுச் சொல்ல முடிந்தது. அந்தப் பாலம் நிற்கும் மண் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால், அனுபவம், ஊகம், கடவுள் விட்ட வழி.

தோற்றுப்போன அமெரிக்கப் பயணம்

சரி, அணை கட்டும் இடமாகப் பார்த்து, எந்த மண்ணில் எது நின்றது, எது விழுந்தது என்று தகவல் திரட்டினால் விதி கிடைத்துவிடாதா? இந்த எண்ணத்தோடு 1912-இல் அமெரிக்கா போனார். சுமார் இரண்டு ஆண்டுகள் அணை அணையாகச் சுற்றினார். மூட்டை மூட்டையாகக் குறிப்புகள் சேர்ந்தன. விதி மட்டும் கிடைக்கவில்லை. மனம் நொந்து ஊர் திரும்பினார்.

ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் முக்கியம். அவர் திரட்டியதெல்லாம் பெயர்கள். ‘களிமண்’, ‘நயமான மணல்’ என்று பல இடங்களில் எழுதியிருந்தது. ஒரு ஊர்க் களிமண் கல் மாதிரி இருந்தது, இன்னொரு ஊர்க் களிமண் தோசைமாவு மாதிரி இருந்தது. ஒரே பெயர், வேறு வேறு நடத்தை. பெயரை வைத்துக்கொண்டு எதையும் கணிக்க முடியாது, எண் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது அந்தத் தோல்வியில்தான். இன்றைக்கு ‘டேட்டா இருக்கிறது, ஆனால் பயன்படுத்துகிற மாதிரி இல்லை’ என்று அலுவலகங்களில் புலம்புகிறோமே, அதே பிரச்சினை.

இஸ்தான்புல்லில் சுருட்டுப் பெட்டி லேப்

முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேர்க்கப்பட்டார், பொறியாளர் படைப்பிரிவை நடத்தினார், விமானப்படைக்கும் மாறினார். 1916-இல் ஒட்டோமான் பேரரசின் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்த இஸ்தான்புல் அனுப்பப்பட்டார். போரில் அவர் நாடு தோற்றது, வேலையும் போனது. அதே ஊரில் அமெரிக்கர்கள் நடத்திவந்த ராபர்ட் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது.

ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கல்லூரிக் குப்பையில் கிடைத்த சாமான்களையும் வைத்துத் தானே கருவி செய்தார். ஈரக் களிமண்ணை அதில் வைத்து எடை ஏற்றினார். தண்ணீர் எவ்வளவு மெதுவாக வெளியே கசிகிறது, மண் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார். திரும்பத் திரும்ப, வருஷக்கணக்கில் இதே வேலை.

அங்கே அவர் பிடித்த விஷயத்தைப் புரிந்துகொள்ள கிச்சனுக்குப் போனாலே போதும். காற்றை உறிஞ்சிவிட்டு பேக் செய்த காபித்தூள் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். செங்கல் மாதிரி விறைப்பாக இருக்கும். மேலே ஆளே நின்றாலும் தாங்கும். இப்போது ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டுங்கள். புஸ் என்று காற்று உள்ளே போனதும் பாக்கெட் தொளதொளவென்று ஆகிவிடும். தூள் அதே தூள், எடையும் அதே எடை. என்ன மாறியது? வெளிக்காற்றின் அழுத்தம் துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளேயும் அதே அழுத்தம் வந்தவுடன் பிடி விட்டுப்போனது.

மலைச்சரிவில் இருக்கும் மண்ணும் இப்படித்தான். மேலே இருக்கும் மண்ணின் எடை, கீழே இருக்கும் துகள்களை அழுத்தி இறுக்குகிறது. அந்த இறுக்கம் தரும் உராய்வில்தான் சரிவு நிற்கிறது. மழை பெய்து துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் நிரம்பினால், அந்தத் தண்ணீர் எல்லாப் பக்கமும் தள்ளும். எடையின் ஒரு பகுதியைத் தண்ணீரே சுமக்க ஆரம்பிக்கும். துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளரும். மொத்த அழுத்தத்திலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் மண்ணின் உண்மையான பலம். கழித்தல் கணக்கு, அவ்வளவே. ஆனால், அதுவரை யாரும் அதை இப்படிப் போட்டுக் காட்டியதில்லை. 1925-இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய மண் இயக்கவியல் நூல் வெளிவந்தது. ‘சாயில் மெக்கானிக்ஸ்’ என்ற துறை பிறந்த ஆண்டாக இதைத்தான் சொல்கிறார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை அழைத்துக்கொண்டது.

வியன்னாவின் இருண்ட பக்கம்

1929-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அடுத்த ஆண்டு ரூத் டாக்கெட் என்ற அமெரிக்க நிலவியல் ஆய்வாளரைத் திருமணம் செய்துகொண்டார்; அது அவருக்கு இரண்டாவது திருமணம். பிற்காலத்தில் பல திட்டங்களில் ரூத்தும் கூடவே வேலை பார்த்தார். 1936-இல் ஹார்வர்டில் நடந்த மண் இயக்கவியலின் முதல் சர்வதேச மாநாட்டுக்கு டெர்சாகிதான் தலைவர். புகழ் உச்சியில் இருந்த நேரம்.

அதே ஆண்டுதான் பால் ஃபில்லுங்கர் என்ற சக பேராசிரியர், டெர்சாகியின் கோட்பாடு தவறு என்று ஒரு சிறுநூலை வெளியிட்டார். விமர்சனம் கணக்கோடு நிற்கவில்லை. ஆள் மீதான தாக்குதலாகவும் இருந்தது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. குழு டெர்சாகி பக்கமே சரி என்றது. 1937-இல் ஃபில்லுங்கரும் அவர் மனைவியும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

டெர்சாகியின் வாழ்க்கையை எழுதும்போது பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அப்படிக் கடக்க முடியவில்லை. காரணம், ஃபில்லுங்கர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. துளை உள்ள பொருள்களில் நீரின் அழுத்தம் என்ன செய்யும் என்று டெர்சாகிக்கு முன்பே பரிசோதித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சண்டையின்போது அவர் வைத்த கணித அணுகுமுறை பின்னாளில் வேறு பெயரில் மதிக்கவும் பட்டது. இரண்டு பேர் ஒரே சிக்கலை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அது அறிவியல் விவாதமாக நடந்திருக்க வேண்டியது.

1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கியது. அந்த ஆண்டே டெர்சாகி அமெரிக்கா போய் ஹார்வர்டில் சேர்ந்தார். 1943-இல் அமெரிக்கக் குடியுரிமை. சிகாகோ சுரங்க ரயில் பாதையை மென்மையான களிமண்ணுக்குள் தோண்டியபோது, அவர் சொல்படி ரால்ஃப் பெக் என்ற இளைஞர் அங்கே தங்கி அளவெடுத்தார். இருவரும் சேர்ந்து 1948-இல் எழுதிய பாடநூலைத்தான் இன்றும் நம் ஊர்க் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

மலை எப்படி முன்கூட்டியே சொல்கிறது?

1950-இல் வந்தது நிலச்சரிவு பற்றிய அவரது கட்டுரை. முதலில் ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தார். மழைத்தண்ணீர் எண்ணெய் மாதிரி மண்ணை வழுக்க வைக்கிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள் (இன்றும் நினைக்கிறோம்). டெர்சாகி கேட்டது எளிய கேள்வி: மழை அதிகம் பெய்யும் ஊரில் மலை மண் எப்போதுமே ஈரமாகத்தானே இருக்கிறது? வழுக்கத்தான் செய்யும் என்றால் என்றைக்கோ சரிந்திருக்க வேண்டாமா? பிரச்சினை ஈரம் அல்ல, சந்துகளில் ஏறும் தண்ணீரின் அழுத்தம். அழுத்தம் என்றால் அளக்கலாம்.

இரண்டாவது, சரிவுக்கு முன் நிலம் எப்படி நகரும் என்று ஒரு வரைபடம் போட்டார். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஊர்தல். பிறகு வேகம் கூடும். கடைசியில் வளைவு செங்குத்தாக எகிறும். ‘திடீர்’ என்று நாம் எழுதுவது அந்தக் கடைசித் துண்டை மட்டும்.

இன்றைய எச்சரிக்கை அமைப்புகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொள்பவைதான். மழையை அளப்பது மலிவான வழி. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1977-இல் அங்கே எச்சரிக்கை முறை வந்தது. மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நகரத்துக்கே அறிவிப்பு. இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தருவதும் மழையளவை வைத்துத்தான். நீலகிரிக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிடும் முன்னறிவிப்பும் இந்த வகை. இதன் குறை என்னவென்றால், மாவட்டத்துக்கு எச்சரிக்கை வரும்; எந்தச் சரிவு, எந்தத் தெரு என்று வராது.

அடுத்தது தண்ணீரின் அழுத்தத்தையே அளப்பது. துளை போட்டு பீசோமீட்டர் என்ற கருவியை மண்ணுக்குள் இறக்குவார்கள். மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009-இல் அமைத்த வயர்லெஸ் சென்சார் வலையமைப்பில் இதுதான் இதயம். மழை நின்ற பிறகும் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்; மழைமானி அதைச் சொல்லாது, பீசோமீட்டர் சொல்லும்.

மூன்றாவது, நகர்வு. ரேடார், ஜி.பி.எஸ். கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் பார்ப்பது. இதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. வேகத்தை அப்படியே வரையாமல் 1-ஐ வேகத்தால் வகுத்து வரைவார்கள். வேகம் கூடக்கூட அந்தக் கோடு கீழே இறங்கும். கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம் எதுவோ, தோராயமாக அன்றைக்குச் சரிவு. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்து மக்களை 2023 மே மாதமே வெளியேற்றிவிட்டார்கள். ஜூன் 15 இரவு மலை இறங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

சேறும் பாறையும் மரமும் கலந்து ஆறு போலப் பாய்கிற பெருக்கு கொஞ்சம் வேறு மாதிரி. தளர்வாக இருக்கும் மண் சரியத் தொடங்கியதும் இன்னும் நெருங்கப் பார்க்கும், சந்துகள் சுருங்கும், உள்ளே மாட்டிய தண்ணீரின் அழுத்தம் மேலும் ஏறும், மண் நொடியில் கூழாகும். டெர்சாகியின் அதே கழித்தல் கணக்கு, ஆனால் பயங்கர வேகத்தில். இங்கே நாள் கணக்கில் அவகாசம் கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் இல்கிராபென் பள்ளத்தாக்கில் ஓடையின் மேல்பகுதியில் தரை அதிர்வை உணரும் ஜியோபோன்களை வைத்திருக்கிறார்கள். அவை அதிர்ந்தால், கீழே ஓடையைக் கடக்கும் இடங்களில் விளக்கும் ஒலியும் எச்சரிக்கும். கையில் இருப்பது சில நிமிஷம்தான்.

கருவி இருந்தும் நடந்தது எப்படி?

இப்போது வயோன்ட். 260 மீட்டருக்கு மேல் உயரமான அணை. அன்றைக்கு உலகின் மிக உயரமான அணைகளில் ஒன்று. 1960-இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அந்த நவம்பரிலேயே பக்கத்து டோக் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆங்கில ‘எம்’ எழுத்து வடிவில் விரிசல் விழுந்தது. ஒரு சிறு சரிவும் நீரில் விழுந்தது. மலை நகர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அளவுகோல்கள் நட்டார்கள், பீசோமீட்டரும் இறக்கினார்கள். நீர்மட்டம் ஏறினால் மலை வேகமாக ஊர்கிறது, இறக்கினால் மெதுவாகிறது என்று தெரிந்தது. அப்படியானால் மட்டத்தை ஏற்றி இறக்கி மலையை நாம்தான் ஓட்டலாம் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் இந்த விளையாட்டு நடந்தது.

இதை எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் இருந்தார்: டீனா மெர்லின். அந்த ஊர்க்காரர்களின் பயத்தைச் செய்தியாக்கியதற்காகப் பொய்ச் செய்தி பரப்பினார் என்று வழக்குப் போட்டார்கள். 1960-இல் மிலன் நீதிமன்றம் அவரை விடுவித்தது. செய்தியை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

1963 செப்டம்பர் இறுதியில் நீர்மட்டத்தை இறக்கத் தொடங்கியும் இந்த முறை மலையின் வேகம் குறையவில்லை, கூடியது. கடைசி நாள் வேகம் சுமார் 20 செ.மீ. டெர்சாகி வரைந்த வளைவு செங்குத்தாக எகிறுகிற அந்தக் கட்டம். இரவு 10.39-க்கு 26 கோடி கன மீட்டருக்கு மேல் பாறை நீர்த்தேக்கத்தில் இறங்கியது. அணையைத் தாண்டி எழுந்த அலை, கீழே லோங்கரோனே ஊரைத் துடைத்துப்போட்டது. எண்கள் இருந்தன, சொன்னவர்களும் இருந்தார்கள். லோங்கரோனேவை மட்டும் காலி செய்யவில்லை.

இந்தக் கடைசி விஷயம் நமக்கும் தெரிந்ததுதான். இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலையகத் தமிழர்களின் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளி வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவார் என்பதற்குத்தான் பதில் இல்லை. பீசோமீட்டர் அதற்குப் பதில் சொல்லாது.

டெர்சாகி கடைசி வரை வேலையில் இருந்தார். எகிப்தின் அஸ்வான் அணைக்கான ஆலோசகர் குழுத் தலைவராக இருந்து, சோவியத் பொறியாளர்களோடு ஒத்துப்போகாமல் 1959-இல் விலகினார். அதற்குப் பிறகும் அவர் மனம் முழுக்க இருந்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மிஷன் அணையில். அடியில் இருப்பது அமுங்கும் களிமண் என்று தெரிந்தேதான் அதைக் கட்டினார்கள். எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துகொண்டே, அதற்கேற்ப வடிவமைப்பைச் சரிசெய்துகொண்டே போகும் முறை அவருடையது. 1965-இல் அந்த அணைக்கு டெர்சாகி அணை என்று பெயர் மாற்றினார்கள்.

வயோன்ட் அணையும் விழவில்லை. கான்கிரீட் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, பார்க்க ஆள்கள் போகிறார்கள். பின்னால் ஏரி இருக்கவேண்டிய இடத்தில் டோக் மலை கிடக்கிறது, மேலே மரங்கள் முளைத்து.